யாருடைய சாயல்?



1982-இல் இலங்கையின் ரூபவாகினி தொடங்கியபின், நம் கடற்கரையில் உயரமாக ஆன்டெனா கட்டி அதைப் பார்த்தோம். இன்று கொரியத் தொடர்கள் தமிழ் பேசிக்கொண்டு பிள்ளைகளின் கைப்பேசிக்கே வருகின்றன. அந்த நாயகனின் வெளுத்த முகத்தைப் பார்த்த நம் மகன், வெயிலிலும் உப்புக்காற்றிலும் கறுத்த தன் முகத்தைக் குறையாக நினைக்கிறான். வலை இழுத்துக் காய்த்த அப்பாவின் கையைக் கண்டு கூசுகிறான்.

திட்டினால் தீராது. அத்தொடர்களில் ஆண் அழுகிறான், மன்னிப்புக் கேட்கிறான். அந்த நல்லதை நம் வீட்டிலும் அவன் பார்க்கட்டும்.

பிற நாட்டார் தோற்றத்துக்கு ஏங்குபவனை ஓரியூருக்கு அழைத்துச் செல்வோம். போர்ச்சுகலில் பிறந்த புனித அருளானந்தர் நம் உடை உடுத்தி, நம் மொழி பேசி, 1693-இல் அங்கேதான் தலை கொடுத்தார். அந்நியர் ஒருவர் விரும்பி ஏற்ற கோலம் நம்முடையது.

"கடவுளின் சாயல் உன் முகத்திலும் இருக்கிறது, தம்பி" என்று இன்றிரவே மகனிடம் வாய்விட்டுச் சொல்வோம். ஆமென்.