பத்திரம் யார் பேரில்?



அமெரிக்காவில் பின்னிரவு அரட்டை நிகழ்ச்சிகளால் பெயர் வாங்கிய இருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

டேவிட் லெட்டர்மேன் 1982 முதல் 1993 வரை என்.பி.சி.யில் நடத்தினார். பிறகு சி.பி.எஸ்.ஸுக்குப் போனார். பழைய நிகழ்ச்சிகள் அவரோடு போகவில்லை, உரிமை என்.பி.சி. பேரில். அவை ஏ அண்டு ஈ, ட்ரையோ என்று கேபிள் சேனல்களில் மறுஒளிபரப்பாகச் சுற்றின.

ஜானி கார்சன் 1962 முதல் 1992 வரை 'டுநைட் ஷோ' நடத்தினார். 1980 ஒப்பந்தத்தில் நிகழ்ச்சியின் உரிமையைத் தம் நிறுவனத்துக்கே எழுதி வாங்கினார். அவர் 2005-ல் காலமானார். பழைய பதிவுகள் 2016-ல் ஆன்டெனா டிவிக்கு வந்தன. தலைப்பு வெறும் 'ஜானி கார்சன்'. ஏனென்றால் 'டுநைட் ஷோ' என்ற பெயர் என்.பி.சி.யுடையது!

உழைத்தவர் யார் என்பது வேறு, காகிதம் யார் பேரில் என்பது வேறு. வங்கியில் கடன் கேட்டு வந்தவரிடம் நாங்கள் முதலில் கேட்டதும் அதைத்தான்.

வீட்டுப் பத்திரம், மின் இணைப்பு, சங்கப் பதிவேடு மூன்றிலும் யார் பெயர் இருக்கிறது? இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். காலமான பெற்றோர் பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். விற்கும் நேரத்தில் பிள்ளைகள் அலைய வேண்டாம்.