காயமும் பதிவும்

(கப்பலூரில் ஆசிரியர் கூட்டத்தில் அரசு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



"எங்க அம்மாவை அப்பா அடிச்சிட்டாரு" என்று ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால், நீங்கள் விசாரணை அதிகாரி ஆக வேண்டாம். பிள்ளையிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். தாயைத் தனியாகப் பார்த்து, "இன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா, நடந்ததை நடந்தபடி சொல்லுங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.

சிட்கோவில் வேலை செய்யும் தாய், ஒருநாள் கூலி போகுமே என்று தயங்குவார். ஆனால் கன்றிய இடம் நீலம், பச்சை, மஞ்சள் என மாறி மறைந்துவிடும். நிறத்தை மட்டும் வைத்து அடிபட்ட நாளைத் துல்லியமாகச் சொல்ல எங்களால் முடியாது.

யார், எப்போது, எதனால் அடித்தார் என்று அவர் சொல்வதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவோம். காயத்தின் இடம், அளவு, நிறம் ஆகியவற்றையும் குறிப்போம். பயந்து "படியில் விழுந்தேன்" என்றால் அதுவும் பதிவாகும். பின்னாளில் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்வார்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்தது. அதன் 2006 விதிகளின்படி, குடும்ப வன்முறை அறிக்கை பதிவாகவில்லை என்று சிகிச்சையை மறுக்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலை அவருக்கு இலவசமாகத் தர வேண்டும். பெண்கள் உதவிக்கு எண் 181.

அடிபட்டது மாணவர் என்றால் 1098ஐ அழையுங்கள். தூண்டித் துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களை மாற்றாமல், தேதி, நேரத்துடன் எழுதி வையுங்கள். நாங்கள் மருத்துவமனையில் செய்வதும் அதைத்தான்.