நம்பிக்கையும் சோதனையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கோட்டைக்கு ஒரு வாயில். வாயிலில் ஒரு காவலன். உள்ளே புகுந்தவர் எல்லாரும் நம்மவர். அமெரிக்க அரசாங்கத்தின் கணினிகள் நெடுங்காலம் இம்முறையில்தான் காக்கப்பட்டன. அந்நாட்டுப் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து சுமார் 2 கோடியே 15 இலட்சம் பேரின் அந்தரங்க விவரங்கள் களவு போன செய்தி 2015-இல் வெளியாயிற்று. ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கடவுச்சொல்லைத் திருடி, வாயில் வழியாகவே கள்வர் நுழைந்திருந்தனர்.

2020-இல் பெருந்தொற்று பரவவே, ஊழியர் பலர் வீட்டிலிருந்து பணியாற்றினர். அலுவலகமே வாயிலுக்கு வெளியே சென்றபின் வாயிற்காவலால் பயன் என்ன? ஆகவே 2021 மே மாதம் அந்நாளைய குடியரசுத் தலைவர் ஜோ பைடன், 'பூஜ்ய நம்பிக்கை' என்னும் முறைக்கு மாறுமாறு அலுவலகங்களுக்கு ஆணையிட்டார். ஆளையும் அவர் கருவியையும் ஒவ்வொரு முறையும் சோதித்து, வேண்டிய கோப்பை மட்டும் திறந்துவிடுவதே அம்முறை. 2025 ஜனவரியில், ஊழியர் அலுவலகம் திரும்ப ஆணை பிறந்தது. எனினும் மேசை எங்கிருந்தாலும் சோதனை ஒன்றே.

நேர்மையான ஊழியரை ஐயுறுவது அவமதிப்பன்றோ எனச் சிலர் வினவலாம். இரயில்வே ஊழியர்களாகிய நாங்கள் இதில் இழிவு காணவில்லை. ஒரு நிலையத்தில் பெற்ற லைன் கிளியர் அடுத்த நிலையம் வரையில்தான் செல்லும். அப்பால் செல்லப் புதிதாகப் பெறவேண்டும். முப்பதாண்டு அனுபவமுள்ள ஓட்டுநருக்கும் அதே விதி. அது அவரை ஐயுறுவதன்று. வண்டியில் உறங்கும் பயணிகளைக் காப்பது.

குடிமக்களும் தம் விவரங்களை அரசிடம் ஒப்படைத்துவிட்டு உறங்குகின்றனர். சோதனை நேர்மையாளருக்கு இழுக்கன்று. அவர் பெயரால் பிறர் புகாதபடி காக்கும் கவசமாகும்.