பழைய சிறு டிராக்டர் வாங்குதல்

ஒரு கிராமக் கூட்டுறவு சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்



சங்கத்தின் பொதுப் பணத்தைக் கொண்டு பழைய சிறு டிராக்டர் ஒன்று வாங்கலாமா, வாங்குவதாயின் எதைக் கவனித்து வாங்குவது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி நிர்வாக சபையார் என்னைப் பணித்திருக்கின்றனர். நான் யந்திர சாஸ்திரம் பயின்றவனல்லேன். டிராக்டர் வாங்கி நஷ்டமடைந்த வேறொரு சங்கத்தின் நிர்வாக சபையில் இருந்தவன். அந்த ஒரு யோக்கியதை மட்டும் எனக்கு உண்டு.

2011-ம் வருஷத்தில் அச்சங்கம் 45 குதிரை சக்தியுள்ள பழைய டிராக்டர் ஒன்றை வாங்கிற்று. விலை மலிவு, வர்ணம் புதிது, ஓட்டிக் காட்டியபோது சிங்கம்போல் முழங்கிற்று. ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் அது எங்கள் வாய்க்கால் கரையில் போகாது என்பது தெரிந்தது. கடைக்கோடி வயலுக்கு அதைக் கொண்டுபோக மூவருடைய வரப்பை வெட்டவேண்டியிருந்தது. அம்மூவரில் ஒருவர் இன்றளவும் என்னோடு பேசுவதில்லை. போதாக்குறைக்கு, அது முன்பு மணல் வண்டி இழுத்த யந்திரமாதலால், முதற் போகத்திலேயே கிளட்ச் கருகிற்று. இரண்டு போகம் கொட்டகையில் நின்று, பின் பாதி விலைக்குப் போயிற்று. போனது ஏழைகளின் பங்குப் பணம்.

ஆகையால் யந்திரத்தைப் பார்க்கப் புறப்படுமுன் நம் நிலத்தைப் பார்க்கவேண்டும். 2015-16-ம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடிதாரரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர்தான்; அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதுவும் ஒரே இடத்தில் இராது. நம்முடைய வாழை ஆறடிக்கு ஆறடி நட்டது. கரும்பை அகலப் பாராக வைத்தவர்களுக்கும் பாருக்குப் பார் ஐந்தடிதான் இடைவெளி. தென்னைக்கு 25 அடி விடுகிறபடியால் அங்கே எதுவும் நுழையும். ஆனால் தென்னையை மட்டும் எண்ணி வாங்கினால் மற்றவர்களுக்குப் பிரயோஜனமில்லை. நமக்கு வேண்டியது, சக்கரங்களின் வெளிப்புறத்துக்கு வெளிப்புறம் மூன்றரை அடிக்கு மேற்படாத யந்திரம்.

அவ்வகையில் 15 முதல் 25 குதிரை சக்தி வரையுள்ள டிராக்டர்கள் பல கிடைக்கின்றன. மகிந்திராவின் யுவராஜ் 215 என்பது 15 குதிரை சக்தியும் ஒற்றை சிலிண்டரும் உடையது. மித்சுபிஷி சக்தி என்று நாம் சொல்வது சுமார் 18 குதிரை சக்தியும் மூன்று சிலிண்டரும் உடையது. குபோட்டாவின் பி 2441 என்பது 24 குதிரை சக்தியுடன் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும்படி அமைந்தது. இவற்றில் எது மேல் என்று நான் சொல்லப்போவதில்லை. எந்த வகைக்கு உதிரிப்பாகக் கடையும் பழகிய மெக்கானிக்கும் ஒரு பஸ் தூரத்தில் இருக்கின்றனவோ, அதுவே நமக்கு மேலானது.

அதன் வேலைத்திறனையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். மூன்றடி ரோட்டவேட்டரைக் கட்டி மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், திரும்பும் நேரமும் வரப்போரத்து வீணும் கழித்து, ஒரு ஏக்கரை ஒரு தரம் ஓட்டி முடிக்க ஏறக்குறைய இரண்டரை மணி ஆகும். இரு சால் ஓட்ட ஐந்து மணி. முப்பது ஏக்கருக்கு 150 மணி. நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் பத்தொன்பது நாள். மழை பெய்த மூன்றாம் நாளே எல்லோருக்கும் உழவு முடியவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதை இப்போதே மனத்திற் கொள்க. வாங்கிய பிறகு முறை பற்றிச் சண்டையிடுவதில் பயனில்லை.

இனி யந்திரத்தைச் சோதிக்கும் விதம். விற்பவருக்கு நேரம் குறிப்பிட்டுச் சொல்லாமல் விடியற்காலையில் போய், முதலில் எஞ்சின்மேல் கை வையுங்கள். சூடாயிருந்தால் நீங்கள் வருமுன் ஓட்டிப் பழக்கியிருக்கிறார் என்று பொருள். மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். குளிர்ந்த எஞ்சின் எத்தனை சுற்றில் கிளம்புகிறது என்பதைப் பாருங்கள். சூடேறிய பிறகும் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெண்புகை நில்லாவிடில் டீசல் சரியாக எரியவில்லை அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. பாரத்தில் சற்றுக் கரும்புகை வருவது பெரிய குற்றமன்று. காற்று வடிகட்டியைத் துடைத்தாலே பாதி தீரும். எண்ணெய் பார்க்கும் கம்பியில் எண்ணெய் பால்போலிருந்தால் அந்த யந்திரத்தை விட்டுவிடுங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தபோது குபுகுபுவென்று புகை எழுமாயின், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன என்று அறியலாம்.

மணிக்கணக்குக் காட்டும் கருவியை நம்பவேண்டாம். பெடலின் ரப்பர், ஸ்டியரிங்கின் பிடி, கலப்பை மாட்டும் கைகளின் துவாரம் ஆகியவை பொய் சொல்லா. துவாரம் நீள்வட்டமாய்த் தேய்ந்திருந்தால் நெடுங்காலம் உழைத்த யந்திரம். ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு வெற்றிலை போடும் நேரம் காத்திருங்கள். மளமளவென்று இறங்கினால் ஹைட்ராலிக் வேலை காத்திருக்கிறது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி இரு கையாலும் ஆட்டிப் பாருங்கள். சேற்றுழவுக்குப் போன டிராக்டராயின் பின் அச்சின் எண்ணெயைச் சிறிது இறக்கிப் பார்க்கவேண்டும்; நீர் கலந்திருந்தால் பல் சக்கரங்கள் துருவேறியிருக்கும். மணலோ செங்கல்லோ இழுத்ததாயின் கிளட்ச்சையும் பிரேக்கையும் சந்தேகிக்க.

விலை படிந்துவிட்டால் கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடலாகாது. நமக்கேற்பத் திருத்திக்கொள்ள ஒரு பங்கு தனியே நிற்கவேண்டும். அங்கத்தினர் சிலரிடமுள்ள ஐந்து கொழுக் கலப்பையின் முளை 22 மில்லிமீட்டர் கனம். மிகச் சிறிய டிராக்டர்களின் கைகளுக்குரிய முளையோ 16 மில்லிமீட்டர். கையின் துவாரத்தைத் துளைத்துப் பெரிதாக்கலாகாது. கலப்பையின் முளையைப் பட்டறையில் மாற்றிக்கொள்ளலாம். ரோட்டவேட்டருக்கு விசை கொண்டுபோகும் தண்டு, முழுதும் நீளும்போது மூன்றிலொரு பாகமாவது ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கவேண்டும். தூக்கும்போது முட்டவும் கூடாது. நீளம் மிகுதியென்றால் அறுக்கவேண்டியதே. ஆனால் அதன்மேலுள்ள பிளாஸ்டிக் உறையை எடுத்தெறிகிறார்களே, அது கொடுமை. நிமிஷத்திற்கு 540 சுற்றுச் சுற்றும் தண்டில் துண்டோ முந்தானையோ சிக்கினால், எஞ்சினை நிறுத்தக் கை போகுமுன் ஆள் போய்விடுவான். உறையில்லாத தண்டை நம் சங்கத்தார் வாங்கலாகாது என்று தீர்மானத்திலேயே எழுதிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பின்னால் ரோட்டவேட்டரைத் தூக்கினால் சிறு டிராக்டரின் முன்பாகம் இலேசாகி ஸ்டியரிங் பேச்சுக் கேளாது. முன்னால் இரும்புப் பாளங்கள் மாட்டவேண்டும். பின் டயரில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்புவது பிடிப்புக்கு நல்லது. நம் சீமையில் அது உறையுமென்ற பயமில்லை. சேற்றுக்குக் கூண்டுச் சக்கரம் வேண்டும். ஆயினும் முழங்கால் ஆழத்துக்கு உளையும் களிமண் வயலில் இந்தச் சிறு யந்திரத்தை இறக்காதீர்கள். அதற்குப் பெரிய வண்டியை வாடகைக்கு அழைப்பதே சிக்கனம். நான்கு சக்கர விசையுள்ளதாயின் பின் டயரை மட்டும் வேறு அளவுக்கு மாற்றலாகாது. முன்னும் பின்னும் ஒத்து உருளாமல் முன் அச்சு தேய்ந்துபோகும்.

அகலம் குறைந்த யந்திரம் எளிதில் கவிழும் என்பதையும் மறைக்கலாகாது. செங்குத்தான வரப்பின்மேல் ஏறுவதாயின் பின்கியரில் ஏற்றவேண்டும். முன்னோக்கி ஏற்றினால் மல்லாந்துவிடக்கூடும். ஓட்டுபவர் தலைக்குமேல் வரும் இரும்பு வளைவு இல்லாவிடில், அந்த வகை டிராக்டருக்கென்று செய்ததை வாங்கிப் பொருத்துக. உள்ளூர்ப் பட்டறையில் குழாயை வளைத்து ஒட்டியது தைரியத்தைக் கொடுக்குமேயன்றி உயிரைக் காக்காது.

பத்திர விஷயம் சுருக்கமானது. ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் நம்பரையும் சாசி நம்பரையும் யந்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். பாங்குக் கடன் தீர்ந்ததற்குச் சான்றும் 35-ம் நமூனாவும் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்ற 29, 30-ம் நமூனாக்களில் கையொப்பம் பெறவேண்டும். பதிவாகி 15 வருஷம் முடிந்திருந்தால் புதுப்பிக்கும் செலவையும் விலையோடு சேர்த்து எண்ணுங்கள்.

பக்கத்து ஊரில் விலைக்கு வந்திருக்கிற 18 குதிரை சக்தி டிராக்டரைப் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறோம். நிர்வாக சபையார் இருவரும், அங்கத்தினரில் வாழை வைத்தவர் ஒருவரும், கடைக்கோடி வயற்காரர் ஒருவரும் உடன் வருக. அளவு நாடா ஒன்றும் ஜாக்கி ஒன்றும் யாரிடமேனும் இருந்தால் சனிக்கிழமையே சங்கக் கட்டடத்தில் கொண்டுவந்து சேர்க்கவும்.