விசைகளும் கண்ணாடியும்



மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர்க்கு விசைப்பலகை புதிய பொருளன்று. சென்ற நூற்றாண்டில் தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் பம்பாய்க்கு ரயிலேறிய இளைஞர் பலருக்குத் தட்டெழுத்தும் சுருக்கெழுத்துமே கைம்முதல். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தோர் தோல் தொழிலை நம்பி வந்தனர். இன்று இவ்விரு திறத்தார் வீடுகளிலும் பேரப் பிள்ளைகளின் கையில் இருப்பது கைப்பேசி. அக்கருவியில் அவர்கள் எந்த எழுத்தில் எழுதுகிறார்கள் என்பதே நாம் இன்று எண்ணிப் பார்க்க வேண்டுவது.

இன்றைய கைப்பேசி முழுதும் கண்ணாடிப் பரப்பாக இருக்கிறது. இந்நிலையை அடையுமுன் அது ஒரு நடுக்கட்டத்தைக் கடந்து வந்தது. மேலே தொடுதிரை, அதன் அடியில் வெளியே தள்ளி எடுக்கும் விசைப்பலகை என்று இரண்டும் சேர்ந்த கைப்பேசிகள் அப்போது தோன்றின. 2008இல் அமெரிக்காவில் வெளிவந்த எச்.டி.சி. ட்ரீம், ஆண்ட்ராய்டு இயங்குதளத்தைக் கொண்ட முதற் கைப்பேசி. திரையை ஒரு பக்கம் தள்ளினால் ஐந்து வரிசை விசைகள் வெளிப்படும். திரையிலேயே எழுதும் வசதி தொடக்கத்தில் அதற்கு இல்லை. ஒரே ஒரு சொல்லை எழுதுவதாயினும் பலகையைத் திறந்தே தீரவேண்டும். மறு ஆண்டில் மென்பொருளைப் புதுப்பித்தபோதுதான் கண்ணாடியின் மீது விசைகள் தோன்றின.

2009இல் வந்த நோக்கியா என்97 இவ்வகையில் மற்றொன்று. அதன் மூன்றரை அங்குலத் திரையைத் தள்ளினால் அது சாய்வாக நிமிர்ந்து நிற்கும். கீழே மூன்று வரிசை விசைகள். இடைவெளி விசையை நடுவில் வைக்காமல் வலப்புறம் ஒதுக்கிவிட்டார்கள். தட்டெழுத்துப் பழகிய கட்டைவிரல் அதைத் தேடித் தடுமாறுவது இயல்பே.

இவ்விரண்டின் திரைகளும் வெவ்வேறு வகையின. நோக்கியாவின் திரையில் இரண்டு மெல்லிய படலங்கள் உண்டு; அழுத்தும்போது அவை ஒன்றையொன்று தொடும். ஆதலால் நகத்தாலும் குச்சியாலும் எழுதலாம். மற்றதோ விரலின் மின்தன்மையை உணரும் திரை; மெல்லத் தொட்டாலே போதும். பின்னர் எங்கும் பரவியது இவ்வகையே.

தள்ளும் பலகைக்குத் தனிச் சிறப்பு உண்டு. விசையின் விளிம்பை விரல் தானே அறியும். கண்ணுக்கு வேலை குறைவு. குறைகளும் உண்டு. கருவி தடித்துப் போகும். அடிக்கடி தள்ளும் உறுப்பு தேயும். திரைகள் பெரிதாகத் தொடங்கியதும் அப்பலகை மறைந்தது. அதை இழந்ததற்காக வருந்துவோர் இன்றும் உளர்.

ஆனால் தமிழ் எழுத விரும்புவோர்க்குக் கணக்கு வேறு. விசையின் மீது பொறித்த எழுத்து மாறாது. இங்கே நாம் வாங்கிய கைப்பேசிகளில் பொறித்திருந்தவை ஆங்கில எழுத்துகள். கண்ணாடியோ எழுத்தற்ற பலகை; எம்மொழியை வேண்டினும் அம்மொழியின் விசைகளைக் காட்டும்.

தமிழின் 247 எழுத்துகளைச் சில விசைகளுக்குள் அடக்குவது எளிய செயலன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா நாட்டுக்குச் சென்று வாழ்ந்த ஆர். முத்தையா அதைத் தட்டெழுத்துப் பொறியில் நிறைவேற்றினார். புள்ளியையும் சில உயிர்க்குறிகளையும் அடிக்கும்போது தாள் நகராமல் நிற்கும்படி ‘நகரா விசை’களை அவர் அமைத்தார். பம்பாயின் கோத்ரெஜ் நிறுவனமும் 1955இல் தட்டெழுத்துப் பொறி செய்யத் தொடங்கிற்று. அந்த உற்பத்தி இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியும் தறுவாயில் நின்றுபோயிற்று.

கைப்பேசியில் தமிழ் எழுதும் ‘செல்லினம்’ என்னும் செயலியைச் செய்தவர் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன். 2005இல் அது சிங்கப்பூரில் வெளியாயிற்று. தாயகத்துக்கு வெளியே வாழ்ந்தவர்களே இவ்விரு பணிகளையும் செய்தார்கள். வெளிமாநிலத்தில் வாழும் நாம் இதனை நினைவிற் கொள்ளல் தகும்.

1999இல் தமிழக அரசு ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகையை ஏற்றது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அ, ம, ம, ஆ என நான்கு முறை தட்டினால் ‘அம்மா’ என்று வரும். நடுவிலுள்ள புள்ளி தானே விழும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய்யாகும் இலக்கணத்தை விரலே கற்றுக்கொள்கிறது. 2013 முதல் ஐபோனிலும் இந்தப் பலகை உண்டு.

இவ்வளவு இருந்தும் நம் பிள்ளைகள் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். வி, ஏ, எல், ஐ என்னும் நான்கெழுத்தைப் பாருங்கள். அது வழியா, வலியா, வளியா, வாளியா? ஊரிலுள்ள பாட்டிக்குப் பேரன் இவ்வெழுத்துகளில் ஒன்றை எழுதி, அத்துடன் ‘தெரியவில்லை’ என்றும் முடிக்கிறான் என்று கொள்வோம். பாதை அறியாமல் நிற்கிறானா, நோவின்றி நலமாயிருக்கிறானா? ஆங்கில எழுத்துப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு இந்த ஐயமும் எழாது. அக்கடிதமே அவளுக்கு இல்லை.

மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. அவற்றிற் பயிலும் பிள்ளைகள் எழுத்தறிவார்கள். ஆங்கிலப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசியும், எழுத்தறியாமலே வளர்ந்துவிடுவதுண்டு. அவர்கள் ஓயாமல் நோக்கும் பொருள் கைப்பேசி. அதனையே அரிச்சுவடியாக்கினால் என்ன?

செய்ய வேண்டியது சிறிது. கைப்பேசியின் அமைப்புகளுக்குள் சென்று தமிழ் விசைப்பலகையைச் சேருங்கள். நாள்தோறும் ஒரு வரி, ஊரிலுள்ள ஒருவருக்குத் தமிழில் எழுதும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். முதல் வாரம் விரல் தயங்கும். ழகரத்தையும் ளகரத்தையும் தேடும். தேடிய எழுத்து மனத்தில் நிற்கும்.

தட்டெழுத்தைக் கற்று இந்நகரில் பிழைத்தார்கள் நம் முன்னோர். அந்த உழைப்பில் ஒரு சிறு பங்கு போதும். அவர்தம் மொழியின் எழுத்து நம் வீட்டில் நிலைத்திருக்கும்.