வயரில்லாமல் ஒரு வாத்தியார் வேலை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். நம் ஏரோமாடலிங் கிளப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இந்த மாதிரி கிளப்புகளுக்கு வழக்கமாக ஒரு வியாதி உண்டு. விமானத்தைச் செய்வது இருபது பேர், ஓட்டுவது ஒருத்தர். மெஸ் காசில் மிச்சம் பிடித்து, ராத்திரி கண் விழித்து ஒட்டிய பால்ஸா விமானத்தைப் புதியவர் கையில் கொடுக்க யாருக்கு மனசு வரும்? அந்த ஒருத்தர் டிகிரி வாங்கிக்கொண்டு போனதும் கிளப்புக்குப் பூட்டுதான்.

புதியவர் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. விமானம் நம்மை விட்டுப் போகும்போது வலது வலதுதான். நம்மை நோக்கித் திரும்பிவிட்டால் இடமும் வலமும் மாறித் தெரியும். யோசித்து முடிப்பதற்குள் விமானம் தரைக்கு வந்துவிடும். டிரான்ஸ்மிட்டரைக் கைமாற்றவும் நேரம் இருக்காது.

இதற்கு மருந்துதான் டிரெயினர் இணைப்பு. ஆசிரியர் கையில் ஒரு டிரான்ஸ்மிட்டர், மாணவர் கையில் ஒன்று. விமானத்தோடு பேசுவது ஆசிரியருடையது மட்டும், அதுதான் மாஸ்டர். ஸ்பிரிங் வைத்த சுவிட்சை அவர் பிடித்திருக்கும்வரை மாணவரின் ஸ்டிக் அசைவு மாஸ்டர் வழியாக விமானத்துக்குப் போகும். விரலை எடுத்தால் அந்த நொடியே விமானம் ஆசிரியரிடம். முன்பெல்லாம் இரண்டையும் கேபிளால் இணைத்தார்கள். கேபிள் காலில் சிக்கும், பிளக் கழலும், கம்பெனிக்குக் கம்பெனி பிளக் வேறு.

இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகளில் கேபிள் இல்லாமலே முடியும். வழிகள் இரண்டு. ஸ்பெக்ட்ரம் டிஎக்ஸ்9 போன்ற செட்டுகளில் வசதி உள்ளேயே இருக்கிறது. ரிசீவரோடு பைண்ட் செய்கிற மாதிரி, மாணவர் செட்டை மாஸ்டரோடு பைண்ட் செய்துவிடலாம். இன்னொன்று சிக்கனமான வழி. பிபிஎம் சிக்னல் தரும் சின்ன ரிசீவர் ஒன்றை மாஸ்டரின் டிரெயினர் ஜாக்கில் மாட்டி, மாணவர் செட்டை அந்த ரிசீவரோடு பைண்ட் செய்வது. பிபிஎம் என்றால், எல்லா சேனல்களின் நிலையையும் வரிசையாக ஒரே கம்பியில் சொல்வது. ஒவ்வொரு சேனலுக்கும் 1 முதல் 2 மில்லி செகண்ட். நடு நிலை 1.5. ஜாக்கில் கரண்ட் வராத செட்டானால் ரிசீவருக்குத் தனி பேட்டரி வேண்டும்.

அமைக்கும்போது முதல் வேலை புரொப்பெல்லரைக் கழற்றுவது. அடுத்து சேனல் வரிசை. ஃபியூடபாவில் முதல் சேனல் ஐலரான், ஸ்பெக்ட்ரமில் த்ராட்டில். இதைப் பார்க்காமல் விட்டால் மாணவர் வலதுபக்கம் சாய்க்க, மோட்டார் சீறும்! மாணவர் செட்டில் மிக்ஸிங் எதுவும் வேண்டாம், டிரிம் பூஜ்யத்தில் இருக்கட்டும். சுவிட்சைப் பிடித்துப் பிடித்து விடுங்கள். எலிவேட்டரோ ரட்டரோ துள்ளக் கூடாது. துள்ளினால் நடு நிலையைச் சரிசெய்யுங்கள்.

கடைசிச் சோதனையை யாரும் தவிர்க்காதீர்கள். சுவிட்சைப் பிடித்தபடியே மாணவர் செட்டை அணைத்துப் பாருங்கள். சில ரிசீவர்கள் சிக்னல் போன பிறகும் கடைசி நிலையையே சொல்லிக்கொண்டிருக்கும். மாஸ்டருக்கு விஷயமே தெரியாது. சிக்னல் போனால் ரிசீவர் மௌனமாகும்படி ஃபெயில்சேஃபை அமைத்தால், பல செட்டுகளில் மாஸ்டர் தானே பொறுப்பை எடுத்துக்கொள்ளும். அப்படி அமைக்க முடியாவிட்டால் ஆசிரியரின் விரல்தான் காவல்.

நண்பர்களே, அந்த விரலுக்குத்தான் நான் ஆள் கேட்கிறேன். சுவிட்சைச் சீக்கிரம் விட்டால் பிள்ளை கற்றுக்கொள்ளாது. தாமதமாக விட்டால் விமானம் மிஞ்சாது. திருத்த நேரம் கிடைக்கிற உயரத்தில் பறக்கவிட்டு, பிள்ளை தடுமாறுவதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிற நிதானம் வேண்டும். பறக்கத் தெரிந்த முன்னாள் மாணவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துக்கு வந்தால் போதும். 2021 ட்ரோன் விதிகளின்படி எங்கே பறக்கலாம் என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்வோம்.

தம்பி தங்கைகளே, இனிமேல் விமானத்தைத் தூக்கிக் கொடுப்பதோடு நிற்காதீர்கள். இருபது பேர் செய்தால் இருபது பேரும் ஓட்ட வேண்டும். தங்கைகள் முதல் வரிசையில் வந்து நில்லுங்கள்.