பதினோராவது பத்தி: அரசுப் பயிற்சி அறிவிப்பை எப்படி வாசிக்கிறது?

(எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு வேற ஒரு தலைப்பு பேசுறதா சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். காரணம், போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 11 மணிக்கு என் சித்தி பொண்ணு வாட்ஸ்அப்ல ஒரு பி.டி.எஃப். அனுப்பினா. நாலு பக்கம். மேலே யாரோ ஃபார்வேர்ட் பண்ணின வரிகள்: "அரசு வேலை. தேர்வு இல்லை. கட்டணம் இல்லை. உடனே விண்ணப்பிக்கவும்." கீழே அவ எழுதினது ஒரே வரி. "அண்ணா, இதுக்காக இப்ப இருக்கிற வேலைய விட்டுடலாமா?"

படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துட்டேன். ஏன்னா கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு அறிவிப்பு 2018-ல எங்க வீட்டுக்கு வந்துச்சு.

அப்ப நான் மெக்கானிக்கல் முடிச்சு ரெண்டு மாசம். ஆமா, இப்ப சாஃப்ட்வேர்ல இருக்கேன், ஆனா படிச்சது மெக்கானிக்கல்தான், இந்தக் கதை பாதிப் பேருக்கு சொந்தக் கதையா இருக்கும். ஒரு பெரிய நிறுவனம், பேர் வேண்டாம். "பட்டதாரி பழகுநர்" அப்படின்னு அறிவிப்பு. மார்க் அடிப்படையில பட்டியல்ல என் பேர் வந்தது. அப்பா அன்னைக்கு சாயங்காலமே அரை கிலோ மைசூர்பாகு வாங்கிட்டு வந்து தெருவுக்கே கொடுத்தார். "பையனுக்கு கவர்மென்ட்ல கிடைச்சிருச்சு." நானும் மறுக்கல. எனக்கே அது வேலைன்னுதான் நினைப்பு. மாசம் 4,984 ரூபாய். ஆரம்பத்துல கம்மியாத்தான் இருக்கும், பெர்மனென்ட் ஆனா ஏறிடும்னு அப்பாவும் நானும் பேசி முடிச்சுட்டோம்.

சரியா ஒரு வருஷம். கடைசி நாள் கையில சான்றிதழ் கொடுத்து, கை குலுக்கி அனுப்பிட்டாங்க. எங்களை யாரும் ஏமாத்தல. அதைத்தான் நான் இன்னைக்கு அழுத்திச் சொல்லணும். அறிவிப்போட பதினோராவது பத்தியில எல்லாம் எழுதியிருந்துச்சு. நாங்க வாசிக்கல, அவ்வளவுதான். அப்புறம் ஒரு மாசம் நான் காலையில டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டு மாவட்ட நூலகத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். தெருவுல யாரும் கேட்டுடக் கூடாதுன்னு.

சரி, அந்த நாலு பக்கத்துக்கு வருவோம்.

முதல்ல ஒரு சொல். "பழகுநர்." சில அறிவிப்புல "தொழிற்பழகுநர்"னு இருக்கும், இங்கிலீஷ்ல அப்ரெண்டிஸ். இந்தச் சொல் எங்கேயாவது இருந்தா, மேல எவ்வளவு பெரிய எழுத்துல "வேலைவாய்ப்பு"ன்னு போட்டிருந்தாலும் அது வேலை இல்லை, பயிற்சி. 1961-ல வந்த அப்ரெண்டிசஸ் சட்டம் இதைக் குழப்பமே இல்லாம சொல்லுது: பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி இல்லை. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. அதனாலதான் பி.எஃப். பிடிக்க மாட்டாங்க, அதனாலதான் சம்பளம்னு சொல்லாம "உதவித்தொகை"ன்னு சொல்றாங்க. சொல் மாறினா சட்டமே மாறுது.

அடுத்து, "காலியிடங்கள் 300", "காலியிடங்கள் 500"னு போட்டிருப்பாங்களே. நம்ம மண்டையில உடனே என்ன ஓடும்? ஐந்நூறு பேர் ரிட்டயர் ஆகியிருக்காங்க, அந்த நாற்காலி காலியா இருக்கு. அது இல்லை. 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற எந்த நிறுவனமும், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து, மொத்த எண்ணிக்கையில 2.5 முதல் 15 சதவீதம் வரைக்கும் பழகுநர்களை எடுத்தே ஆகணும். சட்டக் கட்டாயம். அதனாலதான் அரசுப் போக்குவரத்துக் கழகம், நெய்வேலி என்.எல்.சி., பெரம்பூர் ஐ.சி.எஃப்.னு இந்த அறிவிப்புகள் திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கு. நீங்க உட்காரப் போற சீட்ல போன வருஷம் ஒருத்தர் இருந்தார். அடுத்த வருஷம் இன்னொருத்தர் வருவார். ஹாஸ்டல் ரூம் மாதிரி.

இப்ப அந்தப் பதினோராவது பத்தி. சித்தி பொண்ணு அனுப்பினதுல அது ஒன்பதாவதா இருந்துச்சு, எங்கேயுமே முதல் பக்கத்துல இருக்காது. வாசகம் ஏறக்குறைய எப்பவும் இப்படித்தான்: "பயிற்சி முடிந்த பின் பணி நியமனம் கோர எவ்வித உரிமையும் இல்லை." ஆபீஸ்காரங்க பயந்துக்கிட்டு எழுதின வரின்னு நினைக்காதீங்க. சட்டத்தோட 22-வது பிரிவே அதுதான். பயிற்சி முடிச்சவருக்கு வேலை கொடுக்கணும்னு நிறுவனத்துக்குக் கட்டாயம் இல்லை. கொடுத்தா ஏத்துக்கணும்னு உங்களுக்கும் கட்டாயம் இல்லை. ஒப்பந்தத்துலயே தனியா ஒரு நிபந்தனை எழுதியிருந்தா மட்டும் கதை வேற. 2014-ல சட்டத்தைத் திருத்தினப்ப, தன்கிட்ட பயிற்சி முடிச்சவங்களை வேலைக்கு எடுக்கிறது பத்தி ஒவ்வொரு நிறுவனமும் தனக்குன்னு ஒரு கொள்கை வகுக்கணும்னு சேர்த்தாங்க. ஆக நீங்க கேட்க வேண்டிய கேள்வி "பெர்மனென்ட் ஆகுமா" இல்லை. "உங்க கொள்கை என்ன, பயிற்சி முடிச்சவங்களுக்கு ஏதாவது முன்னுரிமை உண்டா?" இதைக் கேட்கலாம். தப்பே இல்லை.

சில இடத்துல நிஜமாவே உண்டு. பெரிய உதாரணம் ரயில்வே. ரயில்வே பணிமனையில பழகுநர் பயிற்சி முடிச்சு சான்றிதழ் வாங்கினவங்களுக்கு லெவல்-1 பணியிடங்கள்ல 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு. தேர்வு எழுதித்தான் ஆகணும், ஆனா போட்டி போடுற கூட்டம் சின்னது. ஐ.டி.ஐ. முடிச்ச தம்பிங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, பொன்மலையோ ஐ.சி.எஃப்.போ அறிவிப்பு வந்தா அதை வேற மாதிரி எடை போடுங்க. அங்க ஒரு வருஷம்ங்கிறது வெறும் சான்றிதழ் மட்டும் இல்லை.

பணம். 2019-ல விதிகளைத் திருத்தி, பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாசம் 9,000, டிப்ளமோவுக்கு 8,000, ஐ.டி.ஐ.க்கு 7,000னு வச்சாங்க. நான் போன வருஷம் 4,984 வாங்கினதும், நான் வெளிய வந்த வருஷமே அது 9,000 ஆனதும் என் ஜாதகம். 2025 மே மாசம் மத்திய பழகுநர் கவுன்சில் இதை 36 சதவீதம் உயர்த்தணும்னு பரிந்துரை பண்ணுச்சு. அதனால யூடியூப்ல யாரோ சொல்ற தொகையை நம்பாம, உங்க கையில இருக்கிற அறிவிப்புல என்ன தொகை போட்டிருக்குன்னு பாருங்க. இன்னொண்ணு, பட்டதாரி, டிப்ளமோ பழகுநர்களுக்கு அந்தக் குறைந்தபட்சத் தொகையில பாதி மத்திய அரசோடது. அது ஆதாரோட இணைச்ச வங்கிக் கணக்குக்குத் தனியா வரும். கணக்கு இணைக்கலைன்னா மாசக் கடைசியில பாதிப் பணம்தான் கையில இருக்கும், வாடகை மட்டும் முழுசா கேட்பாங்க.

வாடகைன்னதும் ஞாபகம் வருது. "தங்குமிடம், போக்குவரத்து வசதி செய்து தரப்பட மாட்டாது"ன்னு ஒரு வரி இருக்கும். அதைக் கணக்குல சேர்த்துட்டுதான் அந்தத் தொகை பெருசா சிறுசான்னு பேசணும்.

தகுதிப் பகுதியில பலரும் மார்க் சதவீதத்தை மட்டும் பார்த்துட்டுத் தாண்டிடுறாங்க. அங்கதான் பொறி இருக்கு. ஒண்ணு, ஏற்கெனவே எங்கேயாவது இந்தச் சட்டப்படி பட்டதாரி பழகுநரா இருந்திருந்தா மறுபடி முடியாது. ஒரே ஒரு டிக்கெட். அதை எங்க கிழிக்கிறோம்னு யோசிக்கணும். ரெண்டாவது, படிப்பு முடிச்ச பிறகு ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ வேலை அனுபவம் இருந்தா தகுதி போயிடும். நம்ம ஊர்ல அனுபவம் கேட்காத அறிவிப்பே இல்லைன்னு புலம்புவோம், இங்க அனுபவம் இருந்தா வெளிய போங்கிறான்! மூணாவது, எந்த வருஷம் பாஸ் பண்ணினவங்கன்னு வரிசையா போட்டிருப்பாங்க. அரியர் முடிச்ச வருஷம்தான் கணக்கு, கல்லூரி விட்ட வருஷம் இல்லை.

"தேர்வு இல்லை"ங்கிறது உண்மைதான். மார்க்கை வச்சுத் தரவரிசை, அப்புறம் சான்றிதழ் சரிபார்ப்பு. சி.ஜி.பி.ஏ. வச்சிருக்கிறவங்க அதைச் சதவீதமா மாத்தின சான்றை முன்கூட்டியே கல்லூரியில வாங்கி வைங்க. நாட்ஸ் இணையதளத்துல பதிவு பண்றதும் அப்படித்தான், அவங்க சரிபார்த்துப் பதிவு எண் தர நேரம் எடுக்கும். கடைசித் தேதிக்கு முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்தா முடியாது. தென் மாநிலங்களுக்கு இதைப் பார்க்கிற வாரியம் சென்னை தரமணியில இருக்கு. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. "சீட் கன்ஃபார்ம் பண்ண 3,000 ரூபாய் போடுங்க"ன்னு யாராவது ஜிபே நம்பர் அனுப்பினா, அது எவ்வளவு அழகான லெட்டர்ஹெட்ல வந்தாலும் பொய்.

உள்ள போன பிறகு தெரிஞ்சிருக்க வேண்டியது ரெண்டு. பழகுநர் ஆலோசகர்னு சட்டப்படி ஒரு அதிகாரி உண்டு, அவர் ஒப்புதல் இல்லாம உங்களை ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது. பயிற்சியில காயம் பட்டா இழப்பீடு கொடுக்கிற பொறுப்பு நிறுவனத்தோடது, தொழிலாளி இல்லைங்கிறதால அது போயிடாது. என்னோட பேட்ச்ல யாருக்கும் இது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னா பெருமையா போவோம், "நம்மள நம்புறாங்க"ன்னு.

இதோட பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைக் குழப்பிக்காதீங்க. அது 2024 அக்டோபர்ல ஆரம்பிச்சது, முழுக்க வேற. தொடக்கத்துல அதுக்கு 21 முதல் 24 வயசு, 12 மாசம், மாசம் 5,000 ரூபாய், சேரும்போது ஒரு தடவை 6,000னு வச்சிருந்தாங்க. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சத்தைத் தாண்டியிருக்கக் கூடாதுன்னு ஆரம்பிச்சப்ப நிபந்தனை வச்சாங்க. "நான் முதல்வன்" அறிவிப்புகளும் தனி, அது மாநில அரசோட திறன் பயிற்சி, அதுக்கு ஒரு முழு எபிசோட் வேணும்.

அப்ப இந்த ஒரு வருஷம் வேஸ்டான்னு கேட்டா, எனக்கு இல்லை. பராமரிப்புப் பிரிவுல உதிரி பாகக் கணக்கு எல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டிருந்தாங்க. அதை எக்செல்ல ஏத்தப் போய், மேக்ரோ எழுதப் பழகி, அங்கிருந்துதான் நான் புரோகிராமிங் பக்கம் வந்தேன். அந்த செக்‌ஷன் சூப்பர்வைசர் சாருக்கு இன்னைக்கும் பொங்கலுக்கு போன் பண்ணுவேன். பயிற்சின்னு தெரிஞ்சு போயிருந்தா இன்னும் நிறைய கத்துக்கிட்டிருப்பேன். பெர்மனென்ட் ஆகணும்னு யார்கிட்ட நல்ல பேர் வாங்கணும்ங்கிற யோசனையிலயே பாதி வருஷம் போச்சு.

சித்தி பொண்ணு விஷயம். அவ இ.சி.இ. முடிச்சுட்டு திருச்சியில ஒரு சின்ன கம்பெனியில டேட்டா என்ட்ரி பார்க்கிறா, 13,500 ரூபாய், வீட்டுல இருந்தே போயிட்டு வர்ற தூரம். எட்டு மாசம் ஆச்சு. பயிற்சி இடம் வேற ஊர். ரெண்டு பேரும் போன்ல உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஹாஸ்டல் 6,000, மிச்சம் 3,000, அதுல பஸ், ரீசார்ஜ் எல்லாம். ஆனா அது அவ படிச்ச படிப்புக்கான வேலை, டெஸ்டிங் செக்‌ஷன். இங்க இருந்தா இன்னும் நாலு மாசத்துல ஒரு வருஷ அனுபவம் ஆயிடும், அப்புறம் இந்தக் கதவே மூடிடும்.

"விண்ணப்பம் போட வேலைய விடத் தேவையில்ல"ன்னு சொன்னேன். அதுதான் அவளுக்குத் தெரியாம இருந்தது. அன்னைக்கு ராத்திரியே பதிவு பண்ணிட்டா. சரிபார்ப்புக்குக் கடிதம் வந்தா, அந்த செக்‌ஷன்ல போன வருஷம் இருந்தவங்க யாரையாவது பிடிச்சு, மெஷின் பக்கம் விடுறாங்களா இல்லை ஃபைல் தூக்க விடுறாங்களான்னு கேட்டுட்டு முடிவு பண்றதா சொல்லியிருக்கா. நியாயமான கேள்வி. நான் கேட்காத கேள்வி.

மறுநாள் காலையில சித்தி போன். "தம்பி, பாப்பாவுக்கு கவர்மென்ட்ல வந்திருக்காமே?"

"வேலை இல்ல சித்தி. பயிற்சி. ஒரு வருஷம். இன்னும் பட்டியலே வரல."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்ப ஒரு வருஷம் முடிஞ்சா?"ன்னு கேட்டாங்க.

பி.டி.எஃப்.பைத் திறந்து, மூணாவது பக்கம் போய், அந்த ஒன்பதாவது பத்தியை அவங்களுக்கு மெதுவா வாசிச்சுக் காட்டினேன். ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாங்க. "சரிப்பா, நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல"ன்னுட்டு வச்சுட்டாங்க.